கையெழுத்துக்கு முன்

உங்கள் போனிலும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்களா? காட்டுங்கள். ஆமாம், இதே சிவப்புதான். கேமராக் கண்ணை மறைத்துவிட்டால் உள்ளே இருக்கிற எதுவும் வெளியே போகாது. நல்ல ஏற்பாடு. எங்கள் பல்கலைக்கழக வாசலில் அன்றைக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் நான் இன்றைக்கு இங்கே வந்து காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

உட்காருங்கள். பையை எடுத்துவிடுகிறேன். நீங்களும் குல்கர்னியைப் பார்க்கத்தானா? சரிதான். பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆளைக் காணோம். நீங்கள் என்ன, இந்த சோலார் பேக்டரிக்குக் கெமிக்கல் சப்ளையா? ஆசிட் டிரம் எல்லாம் பின்பக்க கேட் வழியாகத்தான் போகும் என்று நினைத்தேன். உங்களையும் சோபாவில் உட்காரவைக்கிறார்கள். நல்ல கம்பெனிதான்.

ஒரு நிமிஷம், ரிசப்ஷனில் இருக்கிற அந்தப் பெண்ணிடம் மறுபடியும் கேட்டுவிட்டு வருகிறேன்.

"பிளான்ட்ல இருக்கார் சார். வந்ததும் நானே கூப்பிடுறேன்" என்கிறாள். போன தடவையும் இதைத்தான் சொன்னாள். அதற்கு முந்தின தடவை டீ குடிக்கச் சொன்னாள். அந்த மிஷின் டீயைக் குடித்ததிலிருந்து வயிறு ஒரு மாதிரி இருக்கிறது. நீங்கள் குடிக்காதீர்கள்.

என் பெயர் வேலாயுதப்பெருமாள். பல்கலைக்கழகத்தில் துணைப் பதிவாளர். எங்கள் பேராசிரியர்கள் எதையாவது கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை வாங்கி, அதைத் தொழிற்சாலைக்கு உரிமம் கொடுக்கிற பிரிவு ஒன்று இருக்கிறது. அதற்கு நான்தான் பொறுப்பு. பிரிவு என்றால் நானும் ஒரு பீரோவும். முன்பு தேர்வுப் பிரிவில் இருந்தேன். வினாத்தாள் கட்டெல்லாம் என் அறையில்தான் இருக்கும். ஒரு தாள் வெளியே போனதில்லை. துணைவேந்தர் கூப்பிட்டு, "பெருமாள், வாயைத் திறக்காத ஆள் இந்தக் காம்பவுண்டுக்குள்ள நீங்க ஒருத்தர்தான், இதை நீங்க பாருங்க" என்றார். அப்படி வந்ததுதான் இந்தப் பொறுப்பு.

வாயைத் திறக்காததுதான் இந்த வேலையில் முக்கியம். உங்கள் தொழிலில் அப்படி இல்லை. டிரம்மில் என்ன இருக்கிறது என்று வெளியே எழுதியே ஒட்டியிருக்கிறீர்கள். இங்கே ஒரு கண்டுபிடிப்பு நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம் காப்புரிமை கிடையாது. காப்புரிமை இல்லாததை எந்தக் கம்பெனி வாங்கும்? இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். அதாவது, அடுத்தவர்கள் செய்ததால் பட்டவன்.

சொல்கிறேன். நேரம்தான் இருக்கிறதே.

எங்கள் இயற்பியல் துறையில் ஜெயசீலி என்று ஒரு பெண். நாசரேத்துப் பக்கம். டாக்டர் பட்டம் எல்லாம் வாங்கியாயிற்று, வேலை மட்டும் ஒப்பந்தத்தில்தான். இந்த மாதக் கடைசியோடு அந்த ஒப்பந்தமும் முடிகிறது. அவளுடைய கண்டுபிடிப்பை இந்தக் கம்பெனி வாங்குவதாகக் குல்கர்னி இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் இந்த உரிமத்தை வைத்தே அவளுக்கு ஒரு பதவி போட்டுக் கொடுப்பதாகத் துணைவேந்தர் சொல்லியிருக்கிறார். ஆய்வுக்கூடமும் அவள் கையில் இருக்கும். போடாவிட்டால் சென்னையில் ஏதோ நீட் கோச்சிங் சென்டரில் பிசிக்ஸ் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம், போய்விடுவாள். அதற்குத்தான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறேன். யாருக்காக? எனக்கு இதில் என்ன வந்தது?

இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இதே பெண்தான் ஒன்று கண்டுபிடித்தாள். சோலார் செல்லின் முகத்தில் மெல்லிய கோடுகள் ஓடும், பார்த்திருப்பீர்கள். வெள்ளியைக் குழைத்து அச்சடிக்கிற கோடு. அந்த வெள்ளியைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி. எல்லோருக்கும் சந்தோஷம். விண்ணப்பம் எழுதியாயிற்று. படமெல்லாம் வரைந்து கொடுத்துவிட்டாள்.

ஆனால் விண்ணப்பிக்கக் காசு வேண்டும். காசுக்கு நிதிக்குழு சம்மதிக்க வேண்டும். நிதிக்குழு என்ன சொல்கிறது? முதலில் ஒரு கம்பெனி வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுக்கட்டும், பிறகு விண்ணப்பிக்கலாம் என்கிறது. கம்பெனி என்ன சொல்கிறது? முதலில் விண்ணப்பித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்கிறது. நடுவில் நான். இங்கே எழுதுவேன், அங்கே எழுதுவேன். இன்றுவரை அந்த முறைதான். மாற்ற முடியாது. அரசு ஆணை.

அந்தச் சமயத்தில் நிறுவன நாள் விழா வந்தது. எங்களிடம் ஒரு வழக்கம். யார் எதைச் சாதித்தாலும் பிரதான வாசலில் பிளெக்ஸ் பேனர் வைத்துவிடுவோம். கபடியில் கப் வாங்கினால் பேனர். துணைவேந்தர் வெளிநாடு போய்த் திரும்பினால் பேனர். ஒரு பெண் இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள், பேனர் இல்லாமல் விட்டால் நாளைக்கு என்னைத்தானே கேட்பார்கள்? போய் நானே பக்கத்தில் நின்று அடிக்கச் சொன்னேன். மேலே துணைவேந்தர். இந்தப் பக்கம் பதிவாளர், அந்தப் பக்கம் நான். கீழே ஜெயசீலி. அவளுடைய போட்டோ சின்னதாகத்தான் கிடைத்தது, ஹால் டிக்கெட்டில் இருந்தது.

நடுவில் காலியாக இருந்தது. கடைக்காரன், "சார், நடுவுல மொட்டையா இருக்கு. சோலார்தானே, ஒரு சூரியன் போட்டுரவா?" என்றான். சூரியன் போட்டால் கட்சி பேனர் ஆகிவிடும் இல்லையா? எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியவில்லை. அதனால் விண்ணப்பத்துக்கு ஜெயசீலி வரைந்து கொடுத்திருந்த படத்தைப் போடச் சொன்னேன். அம்புக்குறி, கட்டம், எந்தச் சூட்டில் வைக்க வேண்டும், எதோடு எதைக் கலக்க வேண்டும், எல்லாம் கலரில். கம்பீரமாக இருந்தது. துணைவேந்தர் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கம்பெனி வந்தது. இந்தக் கம்பெனி இல்லை, வேறு. பேச்சு எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு அவர்கள் வக்கீல் போனை நீட்டினார். எங்கள் பேனர். நிலவேம்புக் கஷாயம் கொடுக்கிற பேனருக்குப் பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது.

"ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம் சார் இது. இதுக்கு இனிமே காப்புரிமை கிடைக்காது. கிடைக்காததுக்கு நாங்க எதுக்கு உரிமம் வாங்கணும்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எழுந்து போய்விட்டார்கள். கேசரியைக்கூடத் தொடவில்லை.

நீங்களே சொல்லுங்கள். பேனரை யார் போட்டோ எடுப்பார்கள்? காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர், எவ்வளவு பார்க்கிறோம். நின்று படித்திருக்கிறீர்களா? படிக்கிறதற்கா பேனர் வைக்கிறோம்? அதைப் படித்து, படம் பிடித்து, வக்கீல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவனுடைய மனசு எப்படிப்பட்ட மனசாக இருக்கும்?

விசாரணைக் குழு போட்டோம். நான்தான் தலைவர். வாசலில் நின்ற காவலாளியை மாணவர் விடுதிப் பக்கம் மாற்றினோம். அவன், "சார், பேனரைப் பாக்காதீங்கன்னு நான் எப்படி சார் சொல்ல முடியும்?" என்று கேட்டான். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

ஜெயசீலி மறுநாளே வழக்கம்போல ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. மழைக்காலத்தில் கேண்டீன் விறகு நனையாமல் இருக்க அந்த பேனரைத்தான் மேலே போட்டு மூடியிருந்தார்கள். ஒருநாள் அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் போனேன். "மழைக்கு நல்லாத்தான் தாங்குது சார்" என்றாள். எதையும் நல்லவிதமாக எடுத்துக்கொள்கிற குணம்.

குல்கர்னி அதோ வருகிறாரா? இல்லை, வேறு யாரோ. கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் எனக்கு அவர் மாதிரியே தெரிகிறார்கள். இந்த ஏசி வேறு. கொஞ்சம் நடந்தால் தேவலை. நீங்கள் உட்காருங்கள், நான் நின்றுகொண்டே பேசுகிறேன்.

இப்போது கொண்டுவந்திருப்பது இரண்டாவது. அதைவிடப் பெரிசு. ஆனால் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்கிற ரகசியக் காப்பு ஒப்பந்தம் பையில் இருக்கிறது. குல்கர்னி முதலில் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் விஷயமும், உரிமக் கையெழுத்தும். காப்புரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. நிதிக்குழுதான் சொன்னேனே.

ஜெயசீலியும் வருகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். "உன்ன மாதிரி விஞ்ஞானிங்களைக் கூட்டிட்டுப் போனா, எவனாவது ஒரு கேள்வி கேட்டாப் போதும், உற்சாகத்துல எல்லாத்தையும் கொட்டிருவீங்க" என்றேன். சிரித்தாள். "சரி சார். கையெழுத்துக்கு முந்தி மட்டும் எதுவும் பேசிராதீங்க" என்றாள். யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்.

பொதுவாகச் சொல்கிறேன். புத்தகத்தில் இருப்பதுதான், ரகசியம் இல்லை. சிலிக்கன் தகட்டைக் கொதிக்கிற காரக் கரைசலில் முக்குகிறார்கள். தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத பிரமிடு பிரமிடாக எழும்புகிறது. வெளிச்சம் அதில் விழுந்தால் திரும்பிப் போக வழி இல்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இது எல்லாத் தொழிற்சாலையிலும் உண்டு. பிரமிடு ஒரே அளவாக எழும்ப வேண்டுமென்றால் கரைசலில் ஒரு மருந்து விட வேண்டும். அதை விற்கிறவர்கள் வைத்ததுதான் விலை. கப்பலில் வருகிறது. அந்த மருந்துக்குப் பதிலாக ஜெயசீலி இங்கேயே ஒன்று கண்டுபிடித்துவிட்டாள். அவ்வளவுதான். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

உங்களுக்குத் தெரியுமா அந்த மருந்து? கேன் கேனாக வருமாமே. நீங்களே கொண்டுவருகிறீர்களா? அட. பின்னே ஆசிட் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. அப்படியானால் உங்களுக்கு இதைச் சொன்னால் புரியும். வேறு ஆளாக இருந்தால் பாதியிலேயே கொட்டாவி விட்டிருப்பான்.

அவள் கண்டுபிடித்ததற்கு நாங்களும் ஒரு காரணம். அதை யாரும் சொல்வதில்லை. அவள் அந்த மருந்து கேட்டு எழுதியிருந்தாள். மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று எங்கள் கொள்முதல் பிரிவு திருப்பி அனுப்பியது. உலகத்தில் விற்கிறதே ஒன்றிரண்டு பேர், மூன்றாவது கொட்டேஷனுக்கு அவள் எங்கே போவாள்? மாதக்கணக்கில் இழுத்தது. மருந்து வராது என்று தெரிந்ததும் விடுதிச் சமையலறையில் வழவழ என்று எது கண்ணில் பட்டாலும் எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். சோற்றுக் கஞ்சி. வெண்டைக்காய். வெந்தயம். அப்புறம் ஒரு கொட்டை. நாங்கள் காலத்தில் வாங்கிக் கொடுத்திருந்தால் இந்தக் கண்டுபிடிப்பே இல்லை.

என்ன கொட்டை என்று சொல்ல மாட்டேன். அது கையெழுத்துக்குப் பிறகுதான்.

பாதாமா? பாதாம் இல்லை. பாதாம் வாங்கிக் கொதிக்கிற காரத்தில் போடுகிற அளவுக்குப் பல்கலைக்கழகத்தில் எங்கே காசு இருக்கிறது? இது நாம் தூக்கி எறிகிறது. குழம்புக்குக் கரைக்கும்போது கையில் தட்டுப்படும், எடுத்துப் போட்டுவிடுவோம். சின்ன வயதில் ஒரு பக்கம் தேய்த்துத் தாயம் உருட்டுவோமே. பேரைச் சொன்னேனா? சொல்லவில்லை. பேரை நான் சொல்ல மாட்டேன்.

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். இதற்கா டாக்டர் பட்டம் என்று கேட்டேன். அவள் ஒரு தகட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். கறுப்பு. சாதாரணத் தகடு சாம்பல் நிறமாக முகத்தைக் காட்டும், இது எதையும் காட்டவில்லை. குனிந்து பார்த்தேன், என் முகம் இல்லை. "வெளிச்சம் எல்லாம் உள்ள போயிருச்சு சார்" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பேனர் விஷயத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்தத் தகட்டை அன்றிலிருந்து நான் என் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி இதோ, இடுப்பில்.

என்ன சொல்கிறீர்கள்? நீங்களும் போட்டுப் பார்த்தீர்களா? எதை? அந்தத் தூளையா? நூலுக்குக் கஞ்சி போட இதே கொட்டையை அரைத்து மில்லுக்கு விற்கிறார்களே, அந்தத் தூளையா? கரைசலே கறுத்துப் போய் நுரை தள்ளிற்றா? உங்கள் ஆட்கள் ஒரு வருஷம் அதோடு போராடினார்களா? அப்புறம் விட்டுவிட்டீர்களா?

பார்த்தீர்களா. இதைத்தான் ஜெயசீலியும் சொன்னாள். அப்படியே இதே வார்த்தை. காலையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தன் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள், இறங்கும்போது சொன்னாள். "சார், கொட்டை பேரை யாரும் யூகிச்சிரலாம். எல்லாரும் மில் தூளைப் போட்டுத்தான் பாப்பாங்க, அது கறுத்துரும். மில்லுல வறுத்துத் தோல் எடுக்காங்க. நாம வறுக்காம, ஊறப்போட்டு, அந்தச் சிவப்புத் தோலைக் கையால உரிச்சு எடுக்கோம். முதல்ல கொதிக்கிற தண்ணியைக் கீழ ஊத்திருதோம். விஷயமே அதுலதான் சார் இருக்கு. அதை மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றாள். அவ்வளவு தெளிவான பெண். ஒரு தடவை சொன்னால் எனக்கே மனசில் பதிந்துவிடுகிறது. நானோ தமிழ் இலக்கியம் படித்தவன்.

ஆமாம், முதல் தண்ணீரை மட்டும்தான். இரண்டாவதைத்தான் வடிகட்டி எடுத்துக்கொள்கிறாள். நிழலில் காயவைத்ததா, வெயிலிலா? நிழல் என்றுதான் நினைக்கிறேன். விடுதி மாடிப்படிக்குக் கீழே தாம்பாளத்தில் பரப்பியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வெயில் அங்கே வராது. நல்ல கேள்வி. எங்கள் நிதிக்குழுவில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. சிற்றுண்டி எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள்.

உங்களைப் போலக் கேட்டுக்கொள்கிற ஆள் கிடைப்பது அபூர்வம். வீட்டில் பேசினால் டிவியைக் கூட்டி வைக்கிறார்கள்.

இந்தத் தடவை பேனரும் தயார். பயப்படாதீர்கள், இன்னும் கட்டவில்லை. சுருட்டி அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். போட்டோ மட்டும்தான். செய்முறை எதுவும் இல்லை. நடுவில் ஒரு புறா. ஜெயசீலியின் போட்டோவையும் கொஞ்சம் பெரிசாகப் போட்டிருக்கிறேன். இன்றைக்குக் கையெழுத்து ஆனால் ராத்திரியே கட்டிவிடுவார்கள், நாளைக் காலையில் அவள் உள்ளே வரும்போது பார்ப்பாள்.

இருங்கள், அவள்தான் கூப்பிடுகிறாள்.

சொல்லும்மா. இல்ல, இன்னும் இல்ல. பிளான்ட்ல இருக்காராம். வருவாரு, வராம எங்க போவாரு? பையிலதான் இருக்கு, பத்திரமா இருக்கு. கையெழுத்துப் போட்ட உடனே முதல் போன் உனக்குத்தான். இல்லம்மா. ஒரு வார்த்தை பேசலை. யார்கிட்ட பேச? இங்க பேசுறதுக்கு யார் இருக்கா? நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். அந்தக் கோச்சிங் சென்டர்காரங்க திரும்பக் கூப்பிட்டா நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிரு. சரியா? நீ நிம்மதியா இரு. சாப்பிட்டியா? சாப்பிடு மொதல்ல.

காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். நான் இருக்கும்போது அவளுக்கு என்ன கவலை?

நீங்கள் எழுந்துவிட்டீர்களே. கூப்பிட்டார்களா? எனக்குக் கேட்கவில்லை. கூப்பிடவில்லையா? பின்னே? அவசர வேலையா? இவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு இப்போது போனால் எப்படி? குல்கர்னி வந்து உங்களைக் கேட்டால் நான் என்ன சொல்வது? இன்னொரு நாள் பார்த்துக்கொள்வீர்களா? உங்களுக்கென்ன, பழகிய கம்பெனி.

கழுத்தில் விசிட்டர் அட்டை தொங்குகிறது பாருங்கள். அதைக் கொடுக்காமல் போனால் கேட்டில் நிறுத்துவார்கள். போனையும் வாங்கிப் பார்ப்பார்கள். இப்படி போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே போனால் விடமாட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள், அதில் ரொம்பக் கண்டிப்பு.

சந்தோஷம், போய்விட்டு வாருங்கள். ஒருவேளை மனசு மாறித் திரும்பி வந்தாலும் வருவீர்கள். உங்கள் இடத்தில் என் பையை வைத்துவிடுகிறேன். கண்ட ஆளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கக் கூடாது பாருங்கள்.